டாம்பா பே ரேஸ் நன்றாக ஆடுபவர்களையே விற்றுவிட்டு எப்படி ஜெயிக்கிறது?

ஒவ்வொரு சீசன் முடிந்ததும் இருப்பதிலேயே நல்ல ஆளைத் தூக்கி வேறு அணிக்குக் கொடுத்துவிடுகிறார்களே, பணம் இல்லாத பேஸ்பால் அணிகள் இந்த முடிவையெல்லாம் எதை வைத்து எடுக்கின்றன என்பது உங்கள் கேள்வி. டாம்பா பே ரேஸ் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து பேஸ்பால் அணி, நான் அங்கே டாம்பாவில் பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். இந்த அணியைத் திட்டிக்கொண்டே பார்த்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். (ரேஸ் என்றால் பந்தயம் இல்லை, ஆங்கிலத்தில் 'ரே' என்றால் திருக்கை மீன், சூரியக் கதிர் இரண்டும்தான், அணியின் பெயர் இரண்டையும் குறிக்கும். நான் பார்த்த காலத்தில் மைதானத்துக்குள்ளேயே ஒரு தொட்டியில் திருக்கை விட்டிருந்தார்கள், குழந்தைகள் தொட்டுப் பார்ப்பார்கள்.)

ரேஸ் ஆட்டக்காரரை விற்பதில்லை, அவரிடம் மிச்சம் இருக்கும் வருடங்களைத்தான் விற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மேஜர் லீக்குக்குள், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்டத்துக்குள், வந்துவிட்ட ஒருவர் ஆறு வருடம் அந்த அணியின் பிடியில்தான் இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் ஏறத்தாழ குறைந்தபட்சச் சம்பளம், 2024 கணக்குப்படி 7,40,000 டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன், அதாவது சம்பளம் ஒத்துப்போகாவிட்டால் நடுவர்கள் முன்னால் பேசி முடிப்பது, தொகை வருடா வருடம் ஏறும். ஆறும் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம். ஐ.பி.எல். ஏலம் மாதிரி எல்லா அணிக்கும் ஒரே பணப்பை என்ற பேச்சே இங்கே கிடையாது. மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். பணக்கார அணிகள் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 2008ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் சம்பளப் பட்டியல் சுமார் 20.9 கோடி டாலர், அதே பிரிவில் ஆடிய ரேஸுக்கு 4.4 கோடிகூட இல்லை. அந்த வருடம் ரேஸ் 97 ஆட்டம் ஜெயித்து பிரிவில் முதலிடம், யாங்கீஸ் மூன்றாவது. அதற்கு முந்தைய வருடம் ரேஸ் ஜெயித்தது 66தான்.

சரி, இது எப்படி நடக்கிறது? ஒரே ஒரு சங்கிலியைக் காட்டுகிறேன், எனக்கு இந்த அணியிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

2003 டிராஃப்டில், அதாவது புது இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் ஆளாக டெல்மன் யங்கை எடுத்தார்கள். நல்ல பேட்டர், ஊரே அவர்மேல் கண் வைத்திருந்தது. 2007 நவம்பரில் அவரை மினசோட்டாவுக்குக் கொடுத்து மேட் கார்ஸா என்ற பிட்சரையும் (பந்து வீசுபவர்) ஜேசன் பார்ட்லெட் என்ற ஷார்ட்ஸ்டாப்பையும் (உள்களத் தடுப்பாளர்) வாங்கினார்கள். அடுத்த வருடமே கார்ஸா அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், அணி முதல்முறையாக உலகத் தொடருக்கு, அதாவது கோப்பைக்கான கடைசித் தொடருக்கு, போனது. 2010ல் அணியின் முதல் நோ-ஹிட்டரும் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்) அவர் போட்டதுதான். அதற்குள் அவர் சம்பளம் ஏறத் தொடங்கிவிட்டது. 2011 ஜனவரியில் சிகாகோ கப்ஸுக்கு அனுப்பினார்கள். வந்தவர்களில் ஒருவர் கிறிஸ் ஆர்ச்சர், அப்போது மைனர் லீக்கில், அதாவது கீழ்மட்டப் போட்டிகளில், இருந்த பையன். ஆர்ச்சர் பெரிய ஆள் ஆனார், ஏழு வருடம் போனது, 2018 ஜூலையில் பிட்ஸ்பர்க் கேட்டது. கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தது டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ். ஒருவரைக் கொடுத்து மூவர், அதுவும் மூன்றும் இளசு. மெடோஸ் மறு வருடமே 33 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார். 2022ல் அவரை டெட்ராய்டுக்குக் கொடுத்து ஐசக் பரேடஸை வாங்க, பரேடஸ் 2023ல் 31 ஹோம் ரன் அடித்துவிட்டு 2024ல் அவரும் போனார். கிளாஸ்னோவின் சம்பளம் 2024க்கு 2.5 கோடி டாலர் ஆகப்போகிறது என்றதும் 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு விற்று ரயன் பெப்பியோ என்ற மலிவான இளம் பிட்சரை எடுத்துக்கொண்டார்கள். டாட்ஜர்ஸ் கிளாஸ்னோவுக்கு ஐந்து வருடத்துக்கு 13.65 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. இந்தப் பக்கம் பெப்பியோவுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி ஏதோ.

2003ல் எடுத்த ஒரே ஒரு ஆள் இருபது வருடம் கழித்தும் வேறு வேறு பெயரில் அணிக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு இது புதிதே இல்லை. பல் பார்த்து, விலை போகும்போதே கைமாற்றிவிட்டு ஒரு கன்றை ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

இதனால் ரேஸ் எல்லோரையும் ஏமாற்றுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2012 டிசம்பரில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸையும் வேட் டேவிஸையும் கான்சாஸ் சிட்டிக்குக் கொடுத்து வில் மையர்ஸ் உள்ளிட்ட நான்கு பேரை வாங்கியபோது, ரேஸ் கொள்ளையடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். மையர்ஸ் 2013ல் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். ஆனால் 2014ல் உலகத் தொடருக்குப் போனது கான்சாஸ் சிட்டி. 2015ல் கோப்பையே வாங்கியது, கடைசி பந்தைப் போட்டவர் அதே வேட் டேவிஸ். எதிராளிக்கு 'இப்போதே' ஜெயிக்க வேண்டும், ரேஸுக்கு 'எப்போதும்' ஓரளவு ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும். வியாபாரம் படிவதே இந்த வித்தியாசத்தில்தான்.

எனக்கு வயிறு எரிந்தது 2020 கடைசியில். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், எங்கள் பிட்சர் பிளேக் ஸ்னெல் டாட்ஜர்ஸை அடக்கி வைத்திருக்கிறார், 1-0 என்று முன்னிலை, வெறும் 73 பந்துதான் போட்டிருக்கிறார், ஆறாவது இன்னிங்ஸில் பயிற்சியாளர் வந்து வெளியே கூப்பிட்டுவிட்டார். நான் டிவி ரிமோட்டைச் சோபாவில் விட்டெறிந்தேன், அது எகிறி என் மனைவியின் காபி டம்ளரில் விழுந்தது, அது தனிக் கதை. ஆட்டமும் போனது, தொடரும் போனது. இரண்டு மாதத்தில் ஸ்னெல்லும் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். அவருடைய ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று வருடம், 3.9 கோடி டாலர் பாக்கி இருந்தது. அவ்வளவு நல்ல பிட்சருக்கு அது சல்லிசு விலை, ஆனாலும் ரேஸுக்கு பாரம். இன்னொரு பிட்சர் சார்லி மார்ட்டனை 1.5 கோடிக்கு வைத்துக்கொள்ளும் உரிமை கையில் இருந்தது, அதையும் வேண்டாம் என்றார்கள். அட்லாண்டா அதே 1.5 கோடி கொடுத்து எடுத்துக்கொண்டு மறு வருடம் கோப்பை வாங்கியது. அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் கால் எலும்பு உடைந்த பிறகும் மார்ட்டன் மூன்று பேருக்குப் பந்து போட்டார்.

இரண்டு முதன்மைப் பிட்சர்களையும் கைவிட்ட ரேஸ் 2021ல் என்ன ஆனது தெரியுமா? 100 வெற்றி, அணியின் வரலாற்றிலேயே அதிகம்! ஸ்னெல்லுக்குப் பதிலாக வந்தவர்கள் பெரிதாகச் சாதித்து வந்த வெற்றி இல்லை அது, அந்த டிரேடு (ஆள் மாற்று வியாபாரம்) எனக்கு இன்றும் நஷ்டமாகத்தான் படுகிறது. ஒரு முடிவு சொதப்பினாலும் தாங்கும் அளவுக்குப் பத்து சின்ன முடிவுகள் ஓடிக்கொண்டிருக்கும், அந்தப் பரவல்தான் காப்பாற்றியது. நான் ஆசை ஆசையாக ரேஸ் பிட்சர் டேவிட் பிரைஸின் ஜெர்ஸி வாங்கி வைத்திருந்தேன். 2014ல் பிரைஸைக் கொடுத்தபோது வந்தவர்களில் வில்லி அடாமெஸ் ஒருவர். 2021 மே மாதம் அடாமெஸைக் கொடுத்து வாங்கிய பிட்சர்களில் டிரூ ராஸ்முசன் ஒருவர். ஜெர்ஸி மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

இதில் யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. 96 ஆட்டம் ஜெயித்த 2019ல்கூட அமெரிக்கன் லீக்கிலேயே குறைந்த கூட்டம் வந்தது ரேஸுக்குத்தான். மைதானம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், டாம்பாவிலிருந்து வேலை முடித்து மாலை நேர நெரிசலில் பாலம் தாண்டிப் போக வேண்டும், அதுவும் காரணம்தான். ஆனால் பிள்ளைக்குப் பிடித்த ஆள் இரண்டு வருடத்தில் போய்விடுவார் என்றால் எவன் அந்தப் பாலத்தைத் தாண்டுவான்?

அப்புறம், நட்சத்திர டிரேடுகளை விட எனக்கு சுவாரசியமானது நவம்பரில் சத்தமில்லாமல் நடக்கும் வேலை. ஒவ்வொரு அணிக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. மைனர் லீக்கில் சில வருடம் முடித்த பையனை அதில் சேர்க்காவிட்டால் டிசம்பரில் வேறு அணி சொற்பக் காசுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். ரேஸிடம் எப்போதும் நல்ல பையன்கள் அதிகம், இடம் குறைவு. சும்மா பறிகொடுப்பதை விட, இன்னும் சேர்க்க வேண்டிய கட்டாயம் வராத இன்னொரு சின்னப் பையனோடு மாற்றிக்கொள்வார்கள். பணக்கார அணி இந்த இடத்தில் ஒரு தப்பு செய்தால் காசைக் கொடுத்துச் சரிக்கட்டும், ரேஸுக்கு அந்த வசதி கிடையாது.

2019 நவம்பரில் அப்படித்தான் கிறிஸ்டோபர் சான்செஸ் என்ற இடக்கைப் பிட்சரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, கர்டிஸ் மீட் என்ற ஆஸ்திரேலியப் பையனை வாங்கினார்கள். அப்போது யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். சான்செஸ் 2024ல் ஆல்-ஸ்டார் (லீக்கின் சிறந்தவர்கள் பட்டியலில் இடம்), இப்போது அந்த அணியின் முதல் வரிசைப் பிட்சர். மீட் நின்று ஆடவே முடியாமல் 2025 ஜூலையில் சிகாகோ வைட் சாக்ஸுக்குப் போனார், பதிலுக்கு வந்தவர் ஏட்ரியன் ஹவுசர். அவர் இரண்டு மாதம் பந்து போட்டார், சீசன் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிக் கிளம்பிவிட்டார்.