வளைவில் சட்டென்று திரும்பணும், பைபாஸில் ஆடக்கூடாது: சஸ்பென்ஷன் கேள்வி பதில்

போர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு குழாய்), ஷாக் (பின் சக்கரத்தின் ஸ்பிரிங்) பிரித்து மாட்டுவதுதான் என் தொழில். அதற்குள் வரும் கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். மைலேஜ், என்ஜின் சத்தம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

இன்டர்செப்டர் 650, சேலம்: கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியை மல்லுக்கட்டித் திருப்ப வேண்டியிருக்கிறது. போர்க்கைக் கிளாம்பில் மேலே ஏற்றி, முன்பக்கம் தாழும்படி மாட்டினால் சுலபமாகத் திரும்புமாமே, எவ்வளவு ஏற்றலாம்?

ஏற்றலாம், ஆனால் அது நான்காவது வேலை. முதல் வேலை டயர் காற்று. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடேறாதபோது பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் போய்ப் பஞ்சர் கடையில் பார்க்கிற அளவு கணக்கில் வராது. இரண்டாவது, பின் டயர். பைபாஸிலேயே ஓடினால் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிடும். சாய்க்கும்போது அந்த விளிம்பைத் தாண்ட டயர் அடம்பிடிக்கும். எந்த ஸ்பிரிங்காலும் அதைச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவது சேக், அதாவது நீங்கள் உட்கார்ந்ததும் வண்டி இறங்கும் அளவு. பின் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி வண்டியைத் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒரு புள்ளி வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட் சகிதம் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, ஒருவர் வண்டியைப் பிடிக்க இன்னொருவர் அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய மொத்த அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கலாம். உங்கள் வண்டியின் பின் அசைவு 88 மி.மீ. என்பதால் 22 முதல் 29 வரை சரி. முன்னால் 110 மி.மீ.; அங்கே 28 முதல் 36 வரை.

பின்னால் 35, 40 என்று இறங்குகிறதா? பின்பக்கம் உட்கார்ந்து மூக்கு தூக்கி நிற்கிற வண்டி எப்படித் திரும்பும்? ஷாக்கில் ஸ்பிரிங்கை அமுக்கிவைக்கும் வளையமான காலரை சி-ஸ்பேனரால் ஒரு படி ஏற்றுங்கள்; பிரீலோட் ஏற்றுவது என்பது இதுதான். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கட்டும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

அதற்கப்புறமும் போதவில்லை என்றால் போர்க். ஒரு முறைக்கு 5 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். உங்கள் வண்டியில் இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையே சுமார் 1,400 மி.மீ. இருக்கிறது. போர்க்கை 10 மி.மீ. ஏற்றினால் அதன் சாய்வு 0.4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக மாறும். ட்ரெயில் (ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் குறையும். எண்ணைப் பார்த்தால் அற்பம், ஹேண்டிலைப் பிடித்தால் நன்றாகவே தெரியும். திரும்புவது சுலபமாக ஆன அளவுக்கு, நேரே ஓடும்போது தானாக நிமிர்ந்து நிற்கும் குணமும் குறையும். இரண்டு குழாயும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கிளாம்ப் போல்ட்டை டார்க் ரெஞ்சில் மட்டும் முறுக்குங்கள். போர்க் முழுக்க அமுங்கினால் மட்கார்டு எங்கும் இடிக்கக் கூடாது. வண்டியை வெளியே எடுக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

பல்சர் 150, விழுப்புரம்: எத்தனை பி.எஸ்.ஐ. காற்று அடிக்க வேண்டும்?

வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. இல்லையென்றால் கையேட்டில்.

அப்பாச்சி 160, தஞ்சாவூர்: பிரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும், பள்ளத்தில் முதுகு போய்விடும். ஏன் ஏற்றச் சொல்கிறீர்கள் அண்ணே?

கடினமாகாது தம்பி. காலர், ஸ்பிரிங் தொடங்கும் இடத்தைத்தான் மாற்றுகிறது, ஸ்பிரிங்கின் குணத்தை இல்லை.

புல்லட் 350, மதுரை: தவறு. நானே ஏற்றிப் பார்த்தேன், கல்லு மாதிரி ஆகிவிட்டது.

இதே மறுப்பு இன்னும் நான்கைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஒரே கணக்கில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க 2 கிலோ வேண்டும், மேலே இருக்கும் எடை 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங் 50 மி.மீ. அமுங்கியே தீரும். காலரால் 15 மி.மீ. அமுக்கி வைத்திருந்தால் வண்டி மீதி 35 இறங்கும். 25 அமுக்கி வைத்திருந்தால் வண்டி 25தான் இறங்கும். இரண்டிலும் ஸ்பிரிங் அமுங்கியிருப்பது அதே 50. மேடு வந்து இன்னும் 20 கிலோ ஏறினால் இரண்டு வண்டியும் 10 மி.மீ.தான் இறங்கும்.

அப்படியானால் கல்லு மாதிரி ஆனது பொய்யா? இல்லை. நீங்கள் காலரைக் கடைசிப் படிக்கே கொண்டுபோயிருப்பீர்கள். மேலே சொன்ன கணக்கில் 60 மி.மீ. அமுக்கி வைத்தால் 120 கிலோ வரை ஸ்பிரிங் அசையாது. 100 கிலோ எடையோடு போகும் வண்டிக்குச் சின்ன மேடு எல்லாம் நேராக முதுகில்தான். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவும் இடம் இருக்காது. அங்கே குறை சேக் இல்லாததுதான்.

அதே மதுரைக்காரர்: என் ஷாக்கில் ஸ்பிரிங் சுற்று ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் இடைவெளியாகவும் இருக்கிறது. காலர் ஏற்றினால் நெருக்கமான சுற்று மூடிக்கொள்ளும், அப்போது கடினம்தானே?

எந்தச் சுற்று மூடும் என்பதை எடைதான் முடிவு செய்கிறது. நீங்கள் உட்கார்ந்ததும் அதே சுற்றுகள் எப்படியும் மூடும். ஸ்பிரிங்குக்கு எடை மட்டும்தான் தெரியும், காலர் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஒற்றை ஷாக் வண்டி, ஓசூர்: ஷாக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் லிங்கேஜ் இருக்கும் மோனோஷாக்கில் பிரீலோட் ஏற்றினால்?

இதுதான் சரியான இடத்தில் கை வைத்த கேள்வி. அங்கே வண்டியின் உயரம் மாறினால் லிங்கின் கோணமும் மாறும். சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் உள்ள விகிதம் மாறி, சக்கரத்தில் உணரும் கடினம் கொஞ்சம் மாறும். மதுரைக்காரருக்கு இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவருடைய இரட்டை ஷாக் புல்லட்டுக்கு இது பொருந்தாது.

டியூக் 390, 2015, கோவை: முன் போர்க்கில் திருகவே எதுவும் இல்லை. மெக்கானிக் 20டபிள்யூ40 என்ஜின் ஆயில் ஊற்றினால் டைட் ஆகும் என்கிறார்.

வேண்டாம். ரீபவுண்டும் (போர்க் மேலே எழும்போதுள்ள தடை) கம்ப்ரஷனும் (அமுங்கும்போதுள்ள தடை) ஒருசேர இறுகும். அடுத்தடுத்த மேடுகளில் போர்க் மேலே வர நேரமில்லாமல் கீழேயே தங்கிவிடும். கையேட்டில் சொன்ன போர்க் ஆயிலை, சொன்ன உயரத்துக்கு ஊற்றுங்கள். பிரேக் பிடித்தால் மூக்கு அடிவரை இடிக்கிறது என்றால் ஆயில் மட்டத்தை 5 மி.மீ. உயர்த்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். இடம் குறைந்தால் அமுக்கத்தின் கடைசியில் இறுகும். சேக் அளந்தீர்களா?

ஹிமாலயன், திருச்சி: இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் மனைவி. 90ஐத் தாண்டினால் பின்பக்கம் மெதுவாக இடவலமாக நீந்துகிறது.

மெதுவாக, வண்டி முழுக்க ஆடுகிறதா, ஹேண்டில் மட்டும் படபடக்கிறதா என்று பிரித்துச் சொன்னதற்கு நன்றி. பெரும்பாலோர் சொல்வதில்லை. மெதுவான ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் பின்னால்: ஆக்ஸிலுக்குப் பின்னே தொங்கும் எடை, குறைந்த காற்று, இறங்கிப்போன ஷாக், பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங் ஆர்மின் தளர்ந்த புஷ். கனமான சாமானைப் பெட்டியின் முன்பக்கமாக, அடியில் வையுங்கள். இருவர் எடையோடும் சேக் அளந்து பிரீலோட் ஏற்றுங்கள். அதுவரை வேகத்தைக் குறையுங்கள்.

ஹேண்டில் படபடப்பு இருப்பவர்கள் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டைப் பாருங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் தள்ளினால் நடுவில் ‘டக்’ என்று உட்காருகிறதா? உட்கார்ந்தால் கோன் போய்விட்டது. அந்த வண்டியில் போர்க்கை ஏற்றும் யோசனையே வேண்டாம்.

ஆர்ஆர் 310 பிடிஓ, சென்னை: இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு ரீபவுண்ட் எத்தனை கிளிக்?

உங்கள் எடை தெரியாமல் எண் சொல்ல மாட்டேன். ரீபவுண்ட் திருகை முழுக்க மூடிய இடத்திலிருந்து வெளியே எண்ணி, இப்போது இருப்பதை எழுதி வையுங்கள். மூடும்போது தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள், முறுக்கினால் ஊசி கெடும். பின்பக்கத்தை அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் மேலே வந்து நிற்க வேண்டும். துள்ளினால் ஒரு கிளிக் மூடுங்கள், சோம்பேறித்தனமாக ஏறினால் ஒரு கிளிக் திறங்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம். நான்கையும் திருகிவிட்டு எது வேலை செய்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஜிக்சர், நாகர்கோவில்: போர்க்கை 25 மி.மீ. ஏற்றிவிட்டேன், சூப்பராகத் திரும்புகிறது. பிரச்சினை இல்லையே?

இறக்குங்கள். இன்றைக்கே.

ஐந்தடி இரண்டு அங்குலம், ஈரோடு: கால் எட்ட ஷாக்கை இறக்கலாமா?

சீட் தைப்பவரிடம் நுரையைச் செதுக்கச் சொல்லுங்கள். ஷாக்கைத் தொடாதீர்கள்.

கிளாசிக் 350, கடலூர்: பிரீலோட் ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகுமா?

மேலே மதுரைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். காற்றும் பாருங்கள்.