வாசகர் கேள்வி – பதில்: சாலையில் கார் பந்தயம், அனுமதி யாருடையது?

கேள்வி: மெரினா சாலையில் இரண்டு இளைஞர்கள் பைக்கில் போட்டி போட்டால் போலீஸ் வழக்குப் போடுகிறது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 பந்தயம் நடத்த அரசே சாலையை அடைத்துக் கொடுத்தது. இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: உண்டு, அதுவும் அந்த இளைஞர்களைத் தண்டிக்கும் அதே பிரிவிலேயே உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இன்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயத்தை அனுமதிப்பதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றமாக்குகிறது. முதல் முறை என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்புதல் இருந்துவிட்டால் குற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்குவரத்தைக் கட்டுப்படுத்த அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு தனியே அதிகாரம் தருகிறது.

சட்டத்தின் பார்வையில் இது ஒரு கையெழுத்துதான் என்றாலும், 3.5 கிலோமீட்டர் நீளமும் 19 வளைவுகளும் கொண்ட அந்தப் பாதை அண்ணா சாலை, சிவானந்தா சாலை, கொடிமரச் சாலை வழியாகச் சென்றதாலும், அருகிலேயே ராணுவ வளாகங்களும் ஓமந்தூரார் மருத்துவமனையும் இருப்பதாலும், பல துறைகளின் சம்மதம் இல்லாமல் அந்தக் கையெழுத்துக்குப் பொருளில்லை. ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும் என்பது போன்ற கேள்விகளுக்கு அரசாணை பதில் சொல்லாது. போக்குவரத்துக் காவல் துறையின் வரைபடம்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: பந்தய நாளன்றுகூடச் சான்றிதழ் வராமல் நீதிமன்றத்தில் அவகாசம் கேட்டார்களே, முன்னரே வாங்கியிருக்கக் கூடாதா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: அந்தச் சான்றிதழ், அதாவது சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு (FIA) தரும் உரிமம், வரைபடத்துக்கு அல்ல, கட்டி முடித்த பாதைக்கு. கான்கிரீட் தடுப்புகளும் அவற்றின் மேல் கம்பிவலையும் நிறுத்தி, வேகத்தடைகளை அகற்றி, சாக்கடை மூடிகள் எழும்பாதபடி இறுக்கிய பிறகுதான் ஆய்வாளர் நடந்து பார்ப்பார். மூடி விஷயம் அற்பமானதல்ல: 2023-இல் லாஸ் வேகாஸ் தெருப் பந்தயத்தில் தண்ணீர்க் குழாய் வால்வின் மூடி பெயர்ந்து ஃபெராரி காரின் அடிப்பாகத்தைக் கிழித்தது; பயிற்சி ஓட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நிறுத்தப்பட்டது. நாள்தோறும் பேருந்து ஓடும் சாலையில் இவற்றை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க முடியாது என்பதால், உரிமம் கடைசி நேரத்தில் வருவது தெருப் பந்தயத்தின் இயல்பு. பந்தய நாளான 2024 ஆகஸ்ட் 31 நண்பகலுக்குள் அதைப் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. மழையால் ஆய்வு தள்ளிப்போனதால் அன்றிரவு வரை அவகாசம் தந்தது.

ஆனால் இந்தச் சமாதானம் உரிமத்துக்கு மட்டுமே செல்லும். மிக்ஜாம் புயலால் 2023 டிசம்பர் பந்தயம் தள்ளிப்போனபோதே எட்டு மாதம் கையில் கிடைத்தது. மாற்றுப்பாதை, மருத்துவமனை வழி, இரவு நேரச் சத்தம், கடைக்காரர்களின் இழப்பு ஆகியவற்றை அந்த மாதங்களில் பொதுமக்கள் முன் வைத்திருந்தால், கடைசி வாரத்தில் நீதிபதிகளின் மேசைக்கு இவ்வளவு வந்திருக்காது என்பது என் கருத்து.

கேள்வி: இந்தப் பந்தயத்துக்காகச் செலவான அரசுப் பணம் 42 கோடி ரூபாய் என்ன ஆயிற்று?
– வாசகர், தாம்பரம்

பதில்: பந்தயத்தை நடத்தும் தனியார் நிறுவனம் அதை அரசுக்குத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தது. இது அரசின் கொள்கை முடிவில் தலையிடுவதாகும் என்று கூறி, 2025-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. ஆகவே இனி இது நீதிமன்றக் கேள்வி அல்ல, தணிக்கைக் கேள்வி. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2000 முதல் 2002 வரை நடந்த தெருப் பந்தயம், செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று அங்குள்ள தலைமைத் தணிக்கையாளர் காட்டிய பிறகு, ஒப்பந்த காலம் முடியும் முன்பே கைவிடப்பட்டது. இங்கே தாங்கள் செய்யக்கூடியது, 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு விண்ணப்பித்து, ஒப்பந்த நகலையும் செலவுக் கணக்கையும் கேட்பது. பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.