போல்ட் முடுக்கும் வேலையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ். திடப்பொருளின் மேற்பரப்பில் இருக்கும் எலெக்ட்ரான்களை ஆராயும் துறைக்குப் போக ஆசை. "ஆயுசு முழுக்க போல்ட் முடுக்குற வேலைப்பா அது" என்கிறார் ஒரு சீனியர். உண்மையா? அவ்வளவு வெற்றிடம் எதற்கு? நம் ஊர்க் காற்றில் இதெல்லாம் நடக்குமா? இப்போதே எதைக் கற்கலாம்?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

சீனியர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. அந்த போல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ப்ளஸ் டூவில் படித்த ஒளிமின் விளைவுதான் (ஒளி பட்டு எலெக்ட்ரான் வெளியேறுவது) அடிப்படை. ஹீலியம் விளக்கின் ஒளித்துகள் 21.2 எலெக்ட்ரான் வோல்ட். செம்புப் படிகத்தை ஒரு குறிப்பிட்ட திசையில் வெட்டிய 111 என்ற முகத்தில், எலெக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவையான வெளியேற்று ஆற்றல் ஏறக்குறைய 4.9. வெளியே வரும் எலெக்ட்ரானிடம் அதிகபட்சம் 16.3 மிஞ்சும். அதன் ஆற்றலையும் கோணத்தையும் அளந்தால், உள்ளே என்ன ஆற்றலில், மேற்பரப்புக்கு இணையாக என்ன உந்தத்தில் இருந்தது என்று தெரியும். சிக்கல் என்னவென்றால், இந்த ஆற்றலில் எலெக்ட்ரான் எங்கும் மோதி ஆற்றலை இழக்காமல் கடக்கும் தூரம் 1 நானோமீட்டர் அளவுதான். அதாவது ஒருசில அணு அடுக்கு. மேலே ஓர் அடுக்கு அழுக்கு படிந்தால், நீங்கள் அளப்பதில் பெரும்பங்கு அழுக்கின் எலெக்ட்ரான்.

அழுக்கு எங்கிருந்து வருகிறது? மிச்சமிருக்கும் காற்றிலிருந்து. டார் என்பது அழுத்த அலகு; நம்மைச் சுற்றியுள்ள காற்று 760 டார். 10⁻⁶ டார் அழுத்தத்தில், மோதும் மூலக்கூறெல்லாம் ஒட்டிக்கொண்டால், 1 வினாடியில் ஓர் அடுக்கு. 10⁻¹⁰ டார் என்றால் 10,000 வினாடி. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அளவெடுக்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

இனி போல்ட். படிகம் இருக்கும் வெற்றிட அறையின், அதாவது சேம்பரின், மூட்டுகளை இறுக்குவது அதுதான். இரண்டு எஃகு ஃபிளாஞ்சின் (மூட்டின் விளிம்புத் தட்டு) கத்திமுனைகள் நடுவில் இருக்கும் செம்பு காஸ்கெட்டில் (அடைப்பு வளையம்) பதிந்து மூடுகின்றன. எதிரெதிர் போல்ட்டாக, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் காஸ்கெட் சாய்ந்து, மறுபக்கம் கசியும். கழற்றிய காஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாது. பித்தளைத் திருகு உள்ளே போகவே கூடாது. சூடேறினால் துத்தநாகம் ஆவியாகிக் கண்ட இடத்தில் படியும்.

பிறகு சேம்பரை 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் ஒன்றிரண்டு நாள் சுட வைக்க வேண்டும். சுவரில் ஒட்டிய நீரை விரட்டத்தான். ஓரிடம் குளிர்ந்திருந்தால் நீர் அங்கே போய் ஒதுங்கும். அதனால்தான் அலுமினியத் தாளைச் சுற்றுவது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் கண்ணாடி ஜன்னல் விரிசல் விடும்.

ஆறிய பிறகும் அழுத்தம் இறங்காவிட்டால் உள்ளே மிஞ்சிய வாயுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறை நிறமாலைமானியைப் பாருங்கள். நிறை 18 உயர்ந்திருந்தால் நீர்: சுட்டது போதவில்லை. 28, 32 இரண்டும் ஏறக்குறைய 4:1 விகிதத்தில் நின்று, கூடவே 14 தெரிந்தால் வெளிக்காற்று கசிகிறது. மூட்டுகளைச் சுற்றி ஹீலியம் பீய்ச்சினால், 4 எகிறும் இடத்தில் ஓட்டை. மிகவும் கழுத்தறுக்கும் பிரச்சினை வேறு: அடி மூடிய துளைக்குள் திருகின் கீழே சிக்கிய காற்று வாரக்கணக்கில் மெல்லக் கசியும். ஹீலியத்தால் அதைப் பிடிக்க முடியாது. நடுவில் துளையிட்ட திருகுதான் மருந்து.

அதற்குப் பிறகுதான் படிகத்தைச் சுத்தம் செய்வதே. 500 முதல் 1,000 எலெக்ட்ரான் வோல்ட் ஆர்கான் அயனிகளால் கால் மணி நேரம் அடித்து, 500 டிகிரி அளவில் சூடாக்கி, குலைந்த அணுக்களை ஒழுங்காக உட்காரவைப்பது. புதுப் படிகத்தில் சூடாக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து கந்தகம் மேலே வரும். பத்து இருபது சுற்று சலிக்காமல் செய்ய வேண்டும். சுத்தமாகிவிட்டதற்குச் சாட்சி எலெக்ட்ரானே: செம்பின் 111 முகத்தில், ஃபெர்மி மட்டத்துக்கு (உலோகத்தில் எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) 0.4 எலெக்ட்ரான் வோல்ட் கீழே அடிப்புள்ளி வைத்து, ஆற்றல்–உந்தப் படத்தில் ஒரு பரவளைவு தெரியும். மேற்பரப்பில் மட்டுமே வாழும் எலெக்ட்ரான்கள் அவை. அழுக்கேறினால் அந்தக் கோடு மங்கிவிடும்.

பாடத்தில் வரும் டேவிசன்–ஜெர்மர் சோதனை நினைவிருக்கும்: நிக்கல் மேல் எலெக்ட்ரான்களை மோதவிட்டு, 54 வோல்ட்டில் 50 டிகிரி கோணத்தில் சிதறல் உச்சம் கண்டார்கள். 1925இல் அவர்களின் குழாய் உடைந்து, சூடான நிக்கல் ஆக்ஸைடானது. அதைப் போக்கச் சூடாக்கியதில் சிறு படிகங்கள் பெரிதாக வளர்ந்தன. 1927இல் எலெக்ட்ரான் அலை தெரிந்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

நம் ஊர்க் காற்றில் உப்பைவிட ஈரம்தான் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் சேம்பரைத் திறந்தால் உலர் நைட்ரஜனை நிரப்பித் திறந்து, சீக்கிரம் மூட வேண்டும். குளிர்நீர்க் குழாயில் வியர்க்கும் துளிகள் உயர் மின்னழுத்த இணைப்பின் மேல் சொட்டாமல் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால், சேம்பரை உறிஞ்சும் டர்போ பம்பைத் தனிமைப்படுத்தும் வால்வு தானாக மூட வேண்டும். இல்லையென்றால் அதற்குப் பின்னால் துணைக்கு ஓடும் ரோட்டரி பம்பின் எண்ணெய் ஆவி பின்னேறி, முன்பு சுட்டதெல்லாம் வீண்.

படிப்புக்கு கேட் (GATE), ஜெஸ்ட் (JEST) நுழைவுத் தேர்வுகளை எழுதுங்கள். ஈசிஆர் வழியிலேயே கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். இந்தூரில் இண்டஸ்-1, இண்டஸ்-2 சின்க்ரோட்ரான்கள் (வேக எலெக்ட்ரான்களைச் சுற்றவிட்டு ஒளி தரும் இயந்திரங்கள்). அங்கே கிடைக்கும் சில நாளில் இரவு பகல் ஷிஃப்ட் போட்டு அளக்க வேண்டியிருக்கும். இப்போதைக்கு பைத்தானில் ஒரு வளைகோட்டைப் பொருத்தப் பழகுங்கள். கல்லூரி ரோட்டரி பம்பின் எண்ணெயை ஒருமுறை நீங்களே மாற்றுங்கள். கையுறை இல்லாமல் எதையும் தொடாத பழக்கமும் இப்போதே வரட்டும். கைரேகை எண்ணெய் ஒருமுறை உள்ளே போனால், அது எல்லாச் சுவர்களிலும் பரவிவிடும்.