காற்றின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: கிரேக்க மாலுமி ஹிப்பாலஸ் பருவக்காற்றைக் கண்டுபிடித்ததும் அரேபியாவின் குந்திரிக்கப் பாதை (தூபம் போடும் பிசினை ஒட்டகத்தில் கொண்டுபோன தரைவழி) அழிந்துவிட்டது என்று படித்தேன். ஒட்டகத்தைக் கப்பல் வென்றது என்று சொல்லலாம்தானே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சொல்ல முடியாது. அந்தக் காற்று அரபு, இந்திய மாலுமிகளுக்கு ஹிப்பாலஸுக்கு முன்பே பழக்கமானது. கி.மு. 25 வாக்கிலேயே செங்கடலின் மியோஸ் ஹோர்மோஸிலிருந்து 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போனதாகக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். நூறாண்டு கழித்தும் ரோமானிய எழுத்தாளர் ப்ளினி தரைவழிச் செலவைத்தான் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். அந்தக் கணக்கைப் படித்தால் எங்கே இடித்தது என்று புரியும்.

யேமனின் தொம்னாவிலிருந்து காசாவுக்கு ஒட்டகத்துக்கு 65 தங்கல்கள். அதற்கு முன்பே சப்வா நகரில், ஒரே ஒரு வாசல் வழியாகத்தான் குந்திரிக்கம் உள்ளே போக வேண்டும். பெருவழியை விட்டு விலகினால் மரண தண்டனை. பத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு. அதையும் நிறுத்து எடுக்கவில்லை, படியில் அளந்தே எடுத்தார்கள். பூசாரி, அரசரின் எழுத்தர், காவலர், வாயிற்காப்போன் என்று ஆளாளுக்கு ஒரு கை. தீவனம், தண்ணீர், தங்குமிடம், சுங்கம் எல்லாம் சேர்ந்து மத்தியதரைக் கடலைத் தொடுவதற்குள் ஓர் ஒட்டகத்துக்கு 688 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) செலவு. ரோமானியச் சுங்கம் அதற்கு மேல்.

இதை விலையோடு வைத்துப் பாருங்கள். ஒட்டகம் 180 கிலோ சுமக்கும் என்று கொண்டால் சுமார் 550 ரோமானிய ராத்தல். முதல் தரம் ராத்தல் 6 தெனாரியஸ். சுமையின் மதிப்பு 3,300. வழிச்செலவு ஐந்தில் ஒரு பங்குதான், தாங்கும். மூன்றாம் தரம் 3 தெனாரியஸ், மதிப்பு 1,650. வழிச்செலவே நூற்றுக்கு 42! மட்டமான சரக்கு ஏற்றியவன் கையில் என்ன மிஞ்சும்? தென் அரேபியக் கரையின் கானே துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் ஏற்றினால் இந்த 65 தங்கல்களும் இல்லை. அவன் அங்கே போனதில் வியப்பில்லை. போகப் போக, தரைவழியில் மிஞ்சியிருந்த ஒட்டகக் கூட்டங்களின் தலையில்தான் கிணற்றுச் செலவும் காவல் செலவும் விழுந்திருக்கும்.

ஒட்டகத்துக்கு வேலை போகவும் இல்லை. கப்பலில் வந்த சரக்கை எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிக்கேயில் இறக்கி, நைல் கரையின் கோப்தோஸுக்கு 12 நாள் அதுதான் சுமந்தது. வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவு நடை. நம் சங்கப் பாடல்கள் பாடும் முசிறியின் சரக்குக்காக 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. அதிலும் பாலைவனத்தைக் கடக்க ஒட்டகக்காரனிடம் ஒப்படைப்பது தனி விதியாக இருக்கிறது.

இந்த வணிகத்தில் செழித்த நபாத்தியர் நாட்டின் தலைநகர் பெட்ராவையும் காற்று சாய்க்கவில்லை. கி.பி. 106-இல் ரோம் அந்த நாட்டை இணைத்துக்கொண்ட பிறகும் ஊர் நெடுங்காலம் இருந்தது. 363-இன் நிலநடுக்கம் அதைப் பலமாக உலுக்கியது. அதற்குள் குந்திரிக்கம் வாங்குபவர்களும் மாறத் தொடங்கியிருந்தார்கள். 392-இல் ரோமானியப் பேரரசர் தியோடோசியஸ் பழைய தெய்வங்களுக்குத் தூபம் காட்டுவதையே தடை செய்தார். புகை போட்ட இடம் போட்டவனுக்குச் சொந்தமானால், அந்த இடமே அரசுக்குப் பறிமுதல்.