நான்காம் தலைமுறை ஐ3 கணினி: திருத்துவதா, புதிது வாங்குவதா?

மெதுவாகிவிட்ட பழைய கணினியைத் திருத்துவதா, புதிது வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குப் புதிது வேண்டாம். இன்டெலின் ஐ3-4130 சிப், 4 ஜிபி ராம், பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், திறக்கவே பத்து நிமிடம் என்கிறீர்கள். ஒன்லைன் வகுப்புக்கும் வேர்டுக்கும் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம்), இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராமும் தாராளம். கடையில் டிடிஆர்4 தந்தால் வாங்காதீர்கள், ராம் செருகும் பள்ளமே பொருந்தாது.

பெரும்பாலும் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள், எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அது காட்டும். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சிபியு 20க்குள் கிடந்தால் சந்தேகமில்லை. டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் முதலில் படங்களை வேறெங்காவது பிரதியெடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

செலவழிக்க முன்னர் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். வீடு உப்புவெளியில், கடலோரம் என்கிறீர்களே, உப்புக்காற்று சும்மா விடாது. ராமின் பொன்னிறப் பற்களில் கறை மட்டுமென்றால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போகும். மதர்போர்டில் (எல்லாம் பொருத்தியிருக்கும் பெரிய பலகையில்) பச்சைத் துரு பிடித்திருந்தாலோ, அதிலுள்ள கப்பாசிற்றர்களின் (சிறு உருளைகளின்) தலை உப்பியிருந்தாலோ ஒரு சதமும் போடாதீர்கள்.

இன்னொன்று: விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், உங்களுடையது நான்காம் தலைமுறை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். வங்கி வேலையும் இதில்தான், விண்டோஸ்தான் வேண்டும் என்றால், எஸ்எஸ்டிக்கும் ராமுக்குமான காசைப் பாவித்த எட்டாம் தலைமுறைப் பெட்டியொன்றில் போடுங்கள்.