பிரிட்டனில் படிக்கும் மகளுக்கு ஷெங்கன் விசா: முகவரை நம்பலாமா?

கேள்வி: என் மகள் மான்செஸ்டரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். ஈஸ்டர் விடுமுறையில் தோழிகளோடு பாரிஸில் நான்கு நாள், பிரஸ்ஸல்ஸில் ஒரு நாள், ஆம்ஸ்டர்டாமில் நான்கு நாள் சுற்றிவர விரும்புகிறாள். பிரெஞ்சு விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. வேறொரு நாட்டின் பெயரில் உடனே வாங்கித் தருவதாகவும், ஹோட்டல் பதிவுத் தாளைத் தானே தயார் செய்வதாகவும் சொல்லி ஒரு முகவர் 200 பவுண்டு கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உங்கள் மகளின் பெயரில் ஏறும் பொய்யை அழிப்பது கடினம்.

பிரிட்டன் கொடுத்த மாணவர் விசா பிரிட்டனுக்குள் மட்டுமே செல்லும். மற்ற மூன்று ஊர்களுக்கும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து ஏற்றுக்கொள்ளும் பொது விசா தேவை. அதற்காக அவர் இந்தியா வர வேண்டியதில்லை, பிரிட்டனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஒரு நாடு கொடுக்கும் விசா 29 ஷெங்கன் நாடுகளிலும் செல்லும் என்பது உண்மை. இதைக் காட்டித்தான் 'எங்கே வாங்கினால் என்ன?' என்று முகவர்கள் ஆசை காட்டுகிறார்கள். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி.

உங்கள் மகளின் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்ஸுக்கும் நெதர்லாந்துக்கும் நாட்கள் சமம். இப்படிச் சமமாக வந்தால், ஷெங்கன் பகுதிக்குள் எந்த நாட்டின் வழியாக முதலில் நுழைகிறாரோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். லண்டனிலிருந்து ரயிலில் நேராகப் பாரிஸ் போனால் பிரான்ஸ். விமானத்தில் முதலில் ஆம்ஸ்டர்டாமில் இறங்கினால் நெதர்லாந்து. ஆனால் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரியை நாள் எண்ண வைப்பதே வம்பு. பாரிஸில் ஒரு நாளைக் குறைத்து ஆம்ஸ்டர்டாமில் சேர்த்துவிட்டால் நெதர்லாந்துதான் என்று ஐயமின்றி ஆகிவிடும். அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். பயணத்தையே மாற்றிக்கொள்வது நேர்மையான வழி. முகவர் மாற்றுவது தாளை மட்டும்.

அவர் தரும் ஹோட்டல் பதிவு, விண்ணப்பம் உள்ளே போனதும் ரத்தாகிவிடும் வகை. தூதரகம் ஹோட்டலைத் தொலைபேசியில் கேட்டால் உங்கள் மகள் அன்றே மாட்டிக்கொள்வார். நிராகரிப்பு ஐந்து ஆண்டுகள் பொதுக் கணினிப் பதிவில் இருக்கும். எல்லா ஷெங்கன் நாடுகளும் அதைப் பார்க்கும். விசா கையில் கிடைத்த பிறகு பொய் தெரியவந்தாலும் ரத்து செய்வார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்கள் மகளுடையது, முகவரின் பெயர் எங்கும் இராது. கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய அறையை மகளே தன் பெயரில் பதிவு செய்யட்டும். பணம் திரும்பாத டிக்கெட்டை விசா வரும் வரை வாங்க வேண்டாம்.

இந்த முகவர்களை வளர்ப்பது யார் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்ட நாளிலிருந்து பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் தரவேண்டும் என்று ஷெங்கன் விசா சட்டமே சொல்கிறது. நடப்பது என்ன? மாணவர்கள் நள்ளிரவில் கணினி முன் கண்விழிக்கிறார்கள். திறந்த இடங்கள் நிமிடங்களில் காணாமல் போகின்றன. அதே இடங்கள் மறுநாள் முகவரிடம் விலைக்கு இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தெரிந்த இந்த ஓட்டையைத் தூதரகங்களும் அவை அமர்த்திய விண்ணப்ப மையங்களும் அடைக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

செலவு இவ்வளவுதான்: விசாவுக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் பொதுவாக அதில் பாதிக்கு மிகாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், பல்கலைக்கழகக் கடிதம் ஆகியவை வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு 15 நாள், சிலருக்கு 45 நாள்வரை ஆகும். அதுவரை பாஸ்போர்ட் பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும் என்பதால், இடையில் ஊருக்கு வரும் எண்ணம் இருந்தால் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டன் இப்போது வசிப்பு அனுமதி அட்டைக்குப் பதிலாக, இணையக் கணக்கில் பதிவாகும் மின்-விசா முறைக்கு மாறிவிட்டது. புறப்படுமுன் அந்தக் கணக்கில் இப்போதைய பாஸ்போர்ட் எண் இருக்கிறதா என்று மகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் திரும்பும்போது விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தக்கூடும்.