கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடும் முன் அவருடைய எண்ணைத் தேடுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். என் கொள்ளுத்தாத்தா முனுசாமி கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர். “ஆற்காட்டுப் பக்கம்” என்று ஆயா சொல்வார், அதற்குமேல் தெரியாது. கப்பல் பட்டியல்களில் தேடினால் ஏராளமான முனுசாமிகள் வருகிறார்கள். அவருடைய ஊரையும், அங்கே உறவினர் இருந்தால் அவர்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயரை வைத்துத் தேடுவதால்தான் இந்தத் திணறல். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனுக்கு வந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. மனிதரை எண்ணாகப் பார்த்த அந்த வழக்கம் எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் ஒரு முனுசாமியை இன்னொரு முனுசாமியிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த எண் மட்டும்தான்.

அதற்குக் காப்பகத்தைவிட முதலில் வீட்டைத் தேடுங்கள். இந்தியக் குடியேறிகளின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அவர்களுக்கென அரசு அமைத்த பாதுகாவலர் அலுவலகம் பதிவு செய்தபோது, பல பதிவுகளில் பெற்றோரின் எண்ணையும் சேர்த்து எழுதியது. ஆகவே உங்கள் ஆயாவின் பிறப்புச் சான்று, அவருடைய அண்ணன் தம்பிகளின் திருமணச் சான்று எல்லாவற்றையும் புரட்டிப் பாருங்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் காலச் சட்டத்தால் வீடு பெயர்ந்து சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பங்களில் பல காகிதங்கள் வழியிலேயே தொலைந்தன. உங்களிடம் இல்லாதது சித்தப்பா வழியினரின் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். அங்கும் கிடைக்காவிட்டால், இறந்தவரின் சொத்தைப் பிரிக்கத் திறந்த அரசுக் கோப்பில் (சொத்துக் கோப்பு) உள்ள மரண அறிவிப்புப் படிவத்தைத் தேடுங்கள். இறந்தவரின் பெற்றோர், துணை, பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் இருக்கும். நேட்டால் சொத்துக் கோப்புகள் பலவற்றை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். டர்பன் ஆவணக் காப்பகத்தில் அது இருக்கிறது. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி–லுத்துலி ஆவண மையத்திலும் உதவி கேட்கலாம். ஒரு வரியில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, சில்லா (மாவட்டம்), தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடல் அடையாளம் என எல்லாம் வரும். வயதை நம்பாதீர்கள், பெரும்பாலும் அது உத்தேசக் கணக்கு. தந்தை பெயரையும் உடல் அடையாளத்தையும் ஊன்றிப் பாருங்கள். என் கொள்ளுப்பாட்டியின் வரியில் “இடது முழங்கையில் தீத்தழும்பு” என்று இருந்தது. சிறு வயதில் அடுப்பில் விழுந்தவர் என்று அம்மா எப்போதோ சொன்ன கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரியான பக்கத்தில்தான் நிற்கிறோம் என்று அந்த நொடியில் உறுதியாயிற்று.

அந்த வரியோடு நிறுத்திவிடாமல் மேலும் கீழும் உள்ள எண்களையும் படியுங்கள். குடும்பமாக வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களே கிடைத்தன. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பதே அன்றைய விதி. அதனால் பலர் இங்கே வந்த பிறகுதான் மணம் முடித்தார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டி வேறு கப்பலில், வேறு ஊரிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். அவருக்குத் தனியாக ஒரு தேடல் வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி அங்கே மூன்சாமி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார். இதைவிடக் குழப்புவது குடும்பப் பெயர். தந்தையின் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது நம் வழக்கம். இங்கே அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். ‘மூன்சாமி’ என்ற குடும்பப் பெயர் உங்கள் கொள்ளுத்தாத்தாவுடையதா, அவருடைய அப்பாவுடையதா என்பதைப் பட்டியலின் தந்தை பெயர்தான் காட்டும்.

இனி ஊர். ஆற்காடு என்றால் வட ஆற்காடும் உண்டு, தென் ஆற்காடும் உண்டு. வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. அதன் ஒரு பகுதி 1911-இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது. கிராமப் பெயர் சிதைந்திருந்தாலும் தாணாவின் பெயரை அடையாளம் கண்டுகொண்டால் தேடும் வட்டம் சுருங்கிவிடும். ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் தாணாவை விட்டுவிட்டுக் கிராமத்தை மட்டும் வரைபடத்தில் தேடாதீர்கள். பழைய பெயர் எந்த ஊராட்சிக்குள் போயிற்று என்பதை அங்குள்ள கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம்.

உறவினரைத் தேடும்போது நில ஆவணங்களைப் பெரிதாக நம்பவேண்டாம். கூலிக்குக் கப்பல் ஏறியவர்களில் பலருக்கு நிலமே இல்லை. குலதெய்வத்தைப் பிடியுங்கள். மொட்டை போடவும் காது குத்தவும் பங்காளிகள் கூடும் இடம் அது. பூசாரிக்குக் குடும்பங்கள் தெரியும். உங்கள் வீட்டில் முதல் பொங்கல் எந்த அம்மனுக்கு வைப்பீர்கள், தாத்தா எந்தச் சாமி பெயரைச் சொல்லித் திருநீறு பூசுவார் என்று வீட்டிலேயே மூத்தவரிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.